மதிலுக்கு இந்தப் பக்கம்

நாலு மணிக்கென்று சொல்லியிருந்தார்கள்.
நடுவர்கள் மூன்று பேரும் வந்து சேர ஐந்தரை.
அந்த ஒன்றரை மணி நேரம்தான்
எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது.

திருநகர் மூன்றாவது ஸ்டாப்.
என் மொட்டைமாடியில் அறுபத்துநாலு பைகள்.
ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்:
விதைத்த தேதி,
வேப்பம்புண்ணாக்கு கரைத்து ஊற்றிய தேதி,
செத்த தேதி.
முப்பத்தாறு வருஷம் கருவூலத்தில் இருந்த கை
வேறெப்படி எழுதும்?
ஓசூர் ரோஜா ஒன்பது, அடீனியம் நாலு,
கத்திரி வெயிலுக்குப் பச்சை வலை.
தேங்காய் நார்த்தூளுக்கு மட்டும்
போன வருஷம் நாலாயிரத்து இருநூறு.

வேளாண் துறையில் ஓய்வு பெற்ற கனகசபாபதி
ரோஜாவைப் பார்த்து ‘ம்’ என்றார்.
நர்சரிக்காரர் பைகளைத் தட்டிப் பார்த்தார்
தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி.
விக்டோரியா டீச்சர் மட்டும்
கிழக்கு ஓரத்துக்குப் போனவர்
அங்கேயே நின்றுவிட்டார்.

பீர்க்கங்கொடி.
மதிலேறி, ஜன்னல் கம்பி பிடித்து,
கேபிள் வயரில் நடந்து வந்து
கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து கிடந்தது.
அப்போதுதான் விரிந்த மஞ்சள் பூக்கள்
முப்பது இருக்கும், நாற்பதும் இருக்கும்.
பீர்க்கம்பூ பொழுது சாயத்தான் வாய் திறக்கும்.
நாலு மணிக்கு வந்திருந்தால்
இலையைப் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார்கள்.

‘எப்படி சார் வளர்த்தீங்க?’
‘அது பாட்டுக்கு வளர்ந்துச்சு.’

பொய்யில்லை.
தணிக்கைக்கு வருகிறவர்களிடம்
இப்படித்தான் பேசுவோம்,
கேட்டதற்கு மட்டும் பதில்.

வேர் அந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் வாடகைக்கு இருப்பவள் ஒச்சம்மா,
செக்கானூரணிக்காரி.
புருஷன் பெரியார் நிலையத்துக்கு
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் போய் விழும் இடத்தில்
ஒரு விதையை விரலால் அழுத்தினாள்.
பந்தல் போடவில்லை.
நான் கட்டிய மதில் அதற்குப் போதுமாக இருந்தது.

கழகத்தின் விதி மூன்று:
சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்.
நுழைவுக் கட்டணம் இருநூறு.

சிறந்த இல்லத் தோட்டம் என்று மைக் கரகரத்தது.
பொன்னாடை, கேடயம்,
அஞ்சு கிலோ மண்புழு உரம்.
கேடயத்தில் தனுஷ்கோடிக்கு ஒரு எழுத்துக் குறைவு.
மேடையை விட்டு இறங்கும்போது டீச்சர் கேட்டார்,
‘அந்தப் பீர்க்கைக்கு என்ன மண்ணு சார்?’
மைக் அணைந்திருந்தது.
இருந்தும் நான் சொல்லவில்லை.

ராத்திரி எட்டரைக்கு
உர மூட்டையோடு அவள் வாசலில் நின்றேன்.
‘என்ன சார் அது?’
‘உரம். கொடிக்கு.’
‘அதுக்கு எதுக்கு?
கஞ்சித்தண்ணி குடிச்சு வளர்ந்த கழுத.’

சொன்னேன்.
பூவை, கேள்வியை, என் பதிலை,
விதி மூன்றை.
அரிவாள்மனை நின்றது.
வெங்காயம் பாதியில் கிடந்தது.
திட்டுவாள் என்று நினைத்தேன்,
திட்டினால் தேவலை என்றும்.

‘பிஞ்சு எதையும் பறிச்சிரலையே அவுக?’
‘இல்ல.’
‘அப்பச் சரி.’

வெங்காயத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.
‘நானே கேக்கணும்னு இருந்தேன்.
அங்கிட்டுத் தொங்குற காய
ஏன் சார் பறிக்கவே மாட்டேங்கிறீக?
நார் ஏறிட்டா முதுகு தேய்க்கத்தான் ஆகும்.’

இன்று காலை ஏழு காய்.
இரண்டு முற்றிவிட்டது.
மூன்றை மதில்மேல் வைத்தேன்,
வைத்துவிட்டுத் திரும்பும் முன்
அவள் வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டு ஓடினான்.
மிச்சம் இரண்டின் தோலும் துவையலாயிற்று.
நோட்டைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்,
இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று.